நீலக்கண் மணியா, பூசணிக்காயா? வாசலில் எதைக் கட்டுவது?

வெற்றிலைக்கொடி (கும்பகோணம்)
தை பிறந்ததும் புதுமனை புகுவிழா. வாசலில் பூசணிக்காயில் பூதமுகம் எழுதிக் கட்ட வேண்டும் என்று அம்மா எப்போதோ சொல்லிவிட்டார். இப்போது துபாயிலிருந்து வந்த தம்பி ஒரு கண்ணாடி மணியைக் கொண்டுவந்திருக்கிறான். உள்ளங்கை அகலம், அடர்நீலம், உள்ளே வெள்ளை வட்டம், நடுவில் கறுப்புப் புள்ளி. இதுதான் இப்போது எல்லாரும் மாட்டுகிறார்களாம். "எவன் கண்ணையோ நம்ம வாசல்ல தொங்கவிடாதே" என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார். இதற்கெல்லாம் உண்மையில் அர்த்தம் என்ன, எங்கிருந்து வந்தது, நம்முடையதற்கும் அதற்கும் ஏதாவது உறவு உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதிலழகு (மன்னார்குடி)
அம்மா சொல்வதுதான் சரி. அந்த மணி துருக்கிக்காரர்கள் சொத்து. இஸ்மிர் நகரத்துப் பக்கம் உள்ள கிராமங்களில் விறகு உலையில் கண்ணாடியை உருக்கி, இரும்புக் கம்பியில் சுற்றிச் செய்கிறார்கள். அழகான கைத்தொழில்தான், மறுக்கவில்லை. ஆனால் நமக்கு எதற்கு? நம்மிடம் இல்லாததா? சங்க காலத்திலேயே குழந்தைக்குக் காப்பாக ஐம்படைத்தாலி கட்டினார்கள். சங்கு, சக்கரம், வாள், வில், கதை ஐந்தும் கோத்த தாலி. தாலியைக்கூட இன்னும் கழற்றாத சின்னப் பையன் போருக்கு வந்து நிற்கிறானே என்று புறநானூறு 77ஆம் பாட்டு பாண்டியன் நெடுஞ்செழியனைப் பார்த்து வியக்கிறது. 281ஆம் பாட்டில் வீட்டில் வேப்பிலை செருகி, ஐயவி, அதாவது வெண்சிறுகடுகு, சிதறுகிறார்கள். இன்றைக்கும் பாட்டி கையில் உப்பும் மிளகாயும் கடுகும்தானே இருக்கிறது? இரண்டாயிரம் வருஷமாகக் கைமாறி வருவதை விட்டுவிட்டு, கடையில் வாங்கிய கண்ணாடியைத் தொங்கவிடுவீர்களா?

தேரழகு (திருவாரூர்)
மதிலழகு அண்ணே, 281ஐ இன்னொரு தடவை படியுங்கள். அங்கே போரில் புண்பட்டுக் கிடக்கிற கணவனைக் காக்கத்தான் மனைவி தோழியை அழைக்கிறாள். யார் கண்ணும் பட்டதாக அதில் ஒரு வார்த்தை கிடையாது. பழைய பாட்டில் கடுகு வந்துவிட்டால் அதெல்லாம் திருஷ்டி கழிப்பு ஆகிவிடுமா?

அப்புறம் அடிப்படைக்கே வருகிறேன். கண் படும் என்றால் கண்ணிலிருந்து ஏதோ புறப்பட்டு வர வேண்டும். ஒரு காலத்தில் படித்தவர்களே அப்படித்தான் நம்பினார்கள். கிரேக்கத்து புளூட்டார்க் கண்ணிலிருந்து ஏதோ வெளிப்பட்டுப் போய்ப் பாதிக்கிறது என்று விளக்கமே எழுதி வைத்திருக்கிறார். கண்ணிலிருந்து எதுவும் போகவில்லை, வெளியிலிருந்து ஒளிதான் கண்ணுக்குள் வருகிறது என்று இப்னு அல்-ஹைதம் என்ற அரபு அறிஞர் கெய்ரோவில் உட்கார்ந்து விளக்கியது, நம்ம ராஜராஜன் தஞ்சாவூர்ப் பெரிய கோயிலைக் கட்டி முடித்த 1010ஐ ஒட்டிய காலத்தில். ஆயிரம் வருஷம் ஆயிற்று. இன்னமும் பூசணிக்காயை நடுரோட்டில் உடைத்து, பின்னால் வருகிற டிவிஎஸ்காரரை வழுக்கி விழவைக்கிறோம்.

அலைவாய்க்கரை (நாகூர்)
இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். வார்த்தையைப் பார்த்தாலே பாதி விஷயம் புரியும். அந்த மணிக்கு நஸர் என்று பேர், அரபியில் பார்வை. திருஷ்டி என்றால் வடமொழியில் பார்வை. கண்ணேறு என்று தமிழில் சொன்னாலும் கண்ணைத்தான் சொல்கிறோம். மூன்று மொழிக்காரனுக்கும் ஒரே பயம்.

வயசும் சின்னதில்லை. சிரியாவில் டெல் பிராக் என்ற இடத்தில் கண்ணை மட்டும் பெரிதாகச் செதுக்கிய குட்டிக் குட்டிக் கல்பொம்மைகள் ஏராளமாகக் கிடைத்தன, ஐயாயிரம் வருஷத்துக்கு மேல் பழையவை. அவை காப்புக்குத்தான் செய்யப்பட்டவை என்று நான் சொல்லமாட்டேன், வழிபாட்டுக்காகவும் இருக்கலாம். கிரேக்கர்கள் மதுக்கிண்ணத்தின் வெளிப்புறத்தில் இரண்டு பெரிய கண்கள் வரைந்தார்கள், குடிக்கத் தூக்கினால் கிண்ணமே முகமூடி மாதிரி எதிரில் இருப்பவரை முறைக்கும். பார்க்கிற கண்ணைத் திருப்பிப் பார்க்கிற கண். 2018இல் அந்த நீல மணி செல்போன் எமோஜியாகவும் வந்துவிட்டது, அதற்குப் பிறகு யாருடைய சொத்து என்று கேட்பதே வேடிக்கை.

இன்னொன்று, முஸ்லிம் வீடு என்றால் எல்லாரும் இதை ஏற்றுக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள். கண்ணேறு உண்டு என்று நம்புகிற என் மாமாவே மணி, தாயத்து எதையும் வாசலில் விடமாட்டார். துஆ ஓதி இறைவனிடம் வேண்டினால் போதும், கண்ணாடி காப்பாற்றும் என்று நினைப்பதே தப்பு என்பார்.

மதிலழகு
நாகூர் தம்பி சொன்னதில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறேன். அந்த மணி திருப்பிப் பார்க்கிறது. நம்ம பூசணிக்காய் அப்படி இல்லை. கோரைப்பல், நீட்டின நாக்கு, உருட்டு விழி எல்லாம் வைத்து, வருகிறவன் பார்வையைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. வீட்டுக்குப் பதில் அது வாங்கிக்கொண்டு அழுகிப் போகிறது. குழந்தை கன்னத்து மைப்பொட்டும் அதே கணக்குதான், முகத்தில் ஒரு குறையை நாமே வைத்துவிடுவது. இது தத்துவத்திலேயே வேறு.

தேரழகுக்கு ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் சுற்றிப் போட்ட மிளகாயை அடுப்பில் போட்டால் சில நாள் ஒருத்தருக்கும் கமறாது. சும்மா ஒரு மிளகாய் கருகினால் தெருவே தும்முகிறது. இதற்கு உங்கள் கெய்ரோக்காரர் என்ன சொல்வார்?

தேரழகு
கெய்ரோக்காரர் வேண்டாம், நானே சொல்கிறேன். போன வருஷம் இதற்காகவே கொல்லையில் கரி அடுப்பு மூட்டி உட்கார்ந்தேன். யாரையும் சுற்றவில்லை. கொழுந்துவிட்டு எரிகிற தீயில் ஏழு மிளகாயைப் போட்டேன், படபடவென்று எரிந்து முடிந்தது, லேசாகக்கூடக் கமறவில்லை. தீ அடங்கிக் கங்கு மட்டும் மங்கலாக இருக்கும்போது அதே ஏழு மிளகாய். புகை சுருண்டு வந்தது, பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைச் சாத்திக்கொண்டு திட்டினார். தீ எப்படி இருந்தது என்பதுதான் கணக்கு. சாத்தினால் கதவு, கமறினால் மூக்கு, இதில் திருஷ்டி எங்கே வந்தது?

ஆரத்தியும் அப்படித்தான். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கும், யார் வீட்டுத் தட்டில் கரைத்தாலும் சிவக்கும்.

மதிலழகு
சரி, மிளகாயை விட்டுவிடுகிறேன். களத்துமேட்டை விடமாட்டேன். எங்கள் தாத்தா நெல் அளக்கும்போது முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லமாட்டார், "லாபம்" என்பார், அப்புறம்தான் ரெண்டு, மூணு. ராத்திரி அம்பாரத்தை அப்படியே விட்டுப் போக வேண்டியிருந்தால் சாணிப்பாலால் சுற்றிலும் குறி போடுவார். கண் படாமல் இருக்க.

தேரழகு
கண்ணுக்காகவா, கைக்காகவா? ஒரு மரக்கால் அள்ளினாலும் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். தாத்தா கெட்டிக்காரர்.

அகத்திக்கீரை (வலங்கைமான்)
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். மணி எங்கிருந்து வந்தது, பூசணி எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் பேசியாயிற்று. அந்தக் கண் யாருடையது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நான் சொல்கிறேன், என்னுடையது. கல்யாணமாகி பதினோரு வருஷம் எனக்குக் குழந்தை இல்லை. எங்கள் தெருவில் ஒரு குழந்தைக்குப் பேர் வைக்கிற விழா, தொட்டிலுக்குப் பக்கத்தில் போனேன், பெற்றவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், கை மட்டும் தன்னால் போய் முந்தானையை இழுத்துக் குழந்தை முகத்தை மூடியது. நான் வாசல் தாண்டுவதற்குள் உள்ளே உப்பு வெடிக்கிற சத்தம் கேட்டது. மதிலழகு அண்ணா, உங்கள் தத்துவம் எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது. அந்த உப்புச் சத்தத்தை வெளியில் நின்று கேட்டிருக்கிறீர்களா?

மதிலழகு
இல்லைம்மா. கேட்டதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல விடுங்கள். எங்கள் அம்மா சுற்றிப் போடும்போது ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, நாய்க் கண்ணு, நரிக் கண்ணு என்று அடுக்கிக்கொண்டே போய் தாய்க் கண்ணில்தான் முடிப்பார். பெற்றவள் கண்ணே முதலில் படும் என்பார். ஒருத்தரைக் குறி வைத்துச் செய்வதில்லை அது, மனிதர்கள் அப்படி ஆக்கிவிட்டார்கள்.

அகத்திக்கீரை
வாயால் தாய்க் கண்ணு என்றும் சொல்வார்கள்தான். தாயைப் பார்த்து யாரும் முந்தானையை இழுத்ததில்லையே அண்ணா.

அலைவாய்க்கரை
அக்கா சொன்ன பிறகு எனக்கு எழுத ஒன்றும் இல்லை. எங்கள் தெருவிலும் இப்படி ஒரு சாச்சி இருந்தார்.

வெற்றிலைக்கொடி
மொத்தத்தையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பூசணிக்காய் கட்டத்தான் வேண்டுமாம், அதில் மாற்றமே இல்லை, நடுரோட்டில் உடைக்க வேண்டாம் என்பதற்கு மட்டும் தலையாட்டினார். மணியைத் தம்பி தன் பைக்கிலேயே மாட்டிக்கொள்ளட்டுமாம். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சின்ன அத்தைக்குப் பத்திரிகை கொடுத்தாயிற்றா என்று கேட்டார். கொடுக்கவில்லை. பட்டியலிலேயே பேர் இல்லை, ஏன் என்று நானும் அப்போது கேட்கவில்லை. அத்தை நாச்சியார்கோவிலில் இருக்கிறார். காலை முதல் பஸ்ஸுக்குப் போகிறேன்.