அரசாங்க மருத்துவம் உரிமையா? மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

தோட்டத்து மகள்:
அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் காய்ச்சல், பிரசவம், பாம்புக்கடி எல்லாவற்றுக்கும் டிரெசர் என்ற தோட்டத்து மருத்துவ உதவியாளர்தான். நல்ல மனிதர். ஆனால் அவருக்கும் அப்பாவுக்கும் சம்பளம் கொடுத்தவர் ஒரே துரை, அதாவது தோட்ட நிர்வாகி. டிரெசர் ‘வேலைக்குப் போகலாம்’ என்று எழுதிவிட்டால் காய்ச்சலோடும் மரத்தடிக்குப் போக வேண்டியதுதான். ரப்பருக்குப் பதில் செம்பனை (எண்ணெய்ப்பனை) நட்டு ஆட்களைக் குறைத்தபோது வேலை, லயத்து வீடு, மருந்து மூன்றும் ஒரே நாளில் போயின.

டவுனுக்கு வந்த பிறகு அம்மா இனிப்புநீருக்கு (சர்க்கரை நோய்க்கு) அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி மருந்து வாங்கினார். எந்தத் தோட்டம், யார் சிபாரிசு என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வெள்ளியில் மருந்துவிலை அடங்காது, மீதியை வரிப்பணம் சுமக்கிறது என்பது தெரியும். ரப்பருக்கு ஏற்றுமதி வரி வாங்கிய நாடு இது. அப்பா வெட்டிய பாலும் அந்தக் கஜானாவுக்குப் போயிருக்கிறது. இதை இலவசம் என்று சொல்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

குலைவெட்டி தம்பி:
அக்கா சொன்னது ஒரு வெள்ளி மருந்துக்குச் சரி. சிறுநீரகம் பழுதானால் கதை வேறு. என் அண்ணனுக்கு வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்பு. அரசாங்க மருத்துவமனையில் இடமில்லை, காத்திருங்கள் என்றார்கள். இரத்தம் காத்திருக்குமா?

சந்தா கட்டித் தகுதி பெற்றவர்களுக்குச் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் உதவுகிறது. அரசாங்க ஓய்வூதியர்களுக்கு அரசாங்கமே கட்டுகிறது. அண்ணன் குத்தகைக்காரரிடம் செம்பனைக் குலை வெட்டியவர். அவர் பெயரில் ஒரு காசு சந்தா கட்டப்படவில்லை. ஆகவே கோயில் கமிட்டிக்கு ஒரு கடிதம், சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம், அறநிறுவனத்துக்கு வருமானச் சான்று, வீட்டின் புகைப்படம். கொடுத்தவர்களை நாங்கள் மறக்கமாட்டோம். ஆனாலும் உயிரோடிருக்க ஒரு மனிதன் தன் ஏழ்மையைத் திரும்பத் திரும்ப நிரூபிக்க வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் துரையிடம் கைகட்டி நின்றதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, உரிமை என்று எழுதி வைத்தால் மட்டும் இயந்திரமும் டாக்டரும் வந்துவிட மாட்டார்கள். 2021 ஜூலையில் ஒப்பந்த டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்ததை நினைத்துப் பாருங்கள். ஆனாலும் உரிமைதான் என்பேன். காரணம், வார்டில் நான் பார்த்த ஒரு சிறுமி. தோட்டத்தில் பிறந்தவள், தமிழ்ப்பிள்ளை. பிறப்புப் பத்திரம் இல்லை. பத்திரம் இல்லாததால் வெளிநாட்டவர் கட்டணம் போட்டார்கள். தொகையைக் கேட்டதும் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

1995-இல் மலேசியா ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு மருத்துவத்தைக் குழந்தையின் உரிமை என்கிறது. பிறப்புப் பதிவையும் குடியுரிமையையும் பேசும் 7-ஆம் பிரிவுக்கோ, அதற்கு முழுதாகக் கட்டுப்படமாட்டோம் என்று நாடு விலக்கு வைத்திருக்கிறது. பதிவு இல்லாத பிள்ளைக்கு மருத்துவ உரிமை எப்படிக் கைக்கு எட்டும்?

தேசியப் பதிவிலாகாவில் தாமதப் பிறப்புப் பதிவை முடித்தவர்கள் யாரேனும் இருந்தால், என்னென்ன ஆவணங்கள் கேட்டார்கள் என்று எழுதுங்கள். இதே நிலையில் ஒரு குடும்பம் எங்கள் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) இருக்கிறது.