பல்ப் ஆஃப்லைன் ஆனாலும் ஐஎஸ்பிக்குத்தான் போன் வருகிறது: நம் பக்கம் எதை மாற்றலாம்?

ஃபைபர்வலை (கேள்வி)

வணக்கம். ஒரு சிறிய ஐஎஸ்பியில் (இணையச் சேவை நிறுவனம்) நெட்வொர்க் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஜிபான் ஃபைபர் (பல வீடுகள் பகிரும் ஃபைபர் இணைப்பு), வீட்டில் வைப்பது நாங்களே கொடுக்கும் டூயல் பேண்ட் ஓஎன்டி (2.4, 5 கிகாஹெர்ட்ஸ் இரண்டிலும் வைஃபை தரும் ஃபைபர் ரவுட்டர்), டிஆர்-069 என்ற தொலைநிர்வாக முறை வழியாக அதன் செட்டிங் எல்லாம் இங்கிருந்தே மாற்றலாம்.

இப்போது வரும் புகார்களில் ஸ்பீடு பற்றியவை குறைவு. "நெட் வருது, ஆனா பல்ப் ஆஃப்லைன்னு காட்டுது", "புது ஸ்மார்ட் பிளக் சேரவே மாட்டேங்குது", "கரண்ட் போய் வந்தா பாதி சுவிட்ச் வேலை செய்யல", "வெளியில இருந்து கேமரா பார்க்க முடியல". இந்த ரகம்தான் அதிகம். லைனைச் சோதித்தால் ஆப்டிக்கல் பவர் −19, −20 டிபிஎம் என்று நன்றாகவே இருக்கிறது. டெக்னீஷியன் போய் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துக் காட்டிவிட்டு வருகிறார். பல்ப் அப்படியேதான் இருக்கிறது.

கூடுதல் ஸ்பீடில் "ஸ்மார்ட் ஹோம் பேக்" என்று ஒரு பிளான் போடலாம் என்கிறது நிர்வாகம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஸ்பீடைத் தொடாமல் ஓஎன்டி டீஃபால்ட், சிஜிநாட் (பல வீடுகள் ஒரே பொது ஐபியைப் பகிர்வது), ஐபிவி6 (புதிய தலைமுறை ஐபி முகவரி), கால் சென்டர் இவற்றில் எதை மாற்றினால் புகார் குறையும்? பொத்தாம் பொதுவாக இல்லாமல் செட்டிங், எண் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

சேனல்ஆறு

பல்பை எரியச் சொல்லும் கட்டளை ஒரு கிலோபைட்கூடத் தேறாது. 1 ஜிபிபிஎஸ் பிளான் போட்டாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. கோளாறு உங்கள் ஓஎன்டியின் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவில் இருக்கிறது. பல்ப், பிளக், சுவிட்சுக்குள் இருக்கும் மலிவான சில்லுகளுக்குப் பெரும்பாலும் 2.4 மட்டும்தான் தெரியும். ஓஎன்டி டீஃபால்ட்டுகளோ போனையும் லேப்டாப்பையும் மனதில் வைத்துப் போட்டவை.

முதலில் "சேரவே மாட்டேங்குது". 2.4, 5 இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து பேண்ட் ஸ்டீயரிங் (கருவியை எந்த பேண்டில் சேர்ப்பது என்று ரவுட்டரே முடிவுசெய்வது) போட்டிருப்பீர்கள். பல கருவிகளின் ஆப், வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பாக்கெட்டுகளின் நீளத்தில் ஒளித்து வைத்துக் காற்றில் விடும். பல்ப் அதை ஒட்டுக்கேட்டுச் சேரும். போன் 5-ல் இருந்தால் பல்பின் காதில் அது பெரும்பாலும் விழாது. ஆப் 2 நிமிடம் சுற்றிவிட்டு "டைம் அவுட்" என்கும். வாடிக்கையாளர் உங்களைக் கூப்பிடுவார்.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு வகை. டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய சில்லுகள் வெளியே நிற்கும். டபிள்யூபிஏ2/3 கலப்பிலும் பிஎம்எஃப் (வைஃபை நிர்வாகச் செய்திகளுக்கான பாதுகாப்பு) "கட்டாயம்" என்று இருந்தால் அதே கதிதான். "விருப்பம்" என்று வையுங்கள். 2.4-ல் வைஃபை 6 முறையைப் போட்டதுமே சேர மறுக்கும் பழைய கருவிகளும் உண்டு.

ஆகவே என் பரிந்துரை: 2.4-ல் மட்டும் ஓடும் தனி எஸ்எஸ்ஐடி (வைஃபை பெயர்) ஒன்று. டபிள்யூபிஏ2-ஏஇஎஸ், 20 மெகாஹெர்ட்ஸ் அகலம், பி/ஜி/என் முறை. வீட்டு லேனோடு (உள் நெட்வொர்க்) ஒரே பிரிட்ஜில், ஏபி ஐசோலேஷன் (வைஃபை கருவிகளை ஒன்றுக்கொன்று மறைப்பது) ஆஃப். கெஸ்ட் நெட்வொர்க்கை இதற்குப் பயன்படுத்தச் சொல்லாதீர்கள். அதில் ஐசோலேஷன் ஆனில் இருக்கும். கருவி இணையத்துக்குப் போகும், ஆனால் போனுக்குக் கண்ணில் படாது.

அடுத்து "திடீரென்று ஆஃப்லைன்". ஆட்டோ சேனலைப் பாருங்கள். சேனல் மாறப்போகிறது என்று ரவுட்டர் அறிவித்தாலும் சில சில்லுகள் கண்டுகொள்வதில்லை. பழைய சேனலிலேயே நின்றுகொண்டிருக்கும். பூட் ஆகும்போது ஒருமுறை ஸ்கேன் செய்து 1, 6, 11-ல் ஒன்றைப் பிடித்து அதிலேயே இருக்கட்டும். வீட்டில் ஜிக்பீ (2.4 கிகாஹெர்ட்ஸிலேயே ஓடும் சென்சார் ரேடியோ) ஹப் இருந்தால் இது இன்னும் முக்கியம். வைஃபை சேனல் 1 ஏறக்குறைய ஜிக்பீ சேனல் 11–14-ஐ மூடும், 6 என்றால் 16–19, 11 என்றால் 21–24. ஹப் ஜிக்பீ 20-ல் நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும். உங்கள் ஓஎன்டி நள்ளிரவில் தானாக சேனல் 9-க்குத் தாவும். காலையில் கதவு சென்சார் பதில் சொல்லாது. இதில் ஐஎஸ்பியைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றாது என்பதுதான் வேடிக்கை.

இன்னொன்று. ரவுட்டரை ரீபூட் செய்ததும் கருவி ஆப்பில் தெரிந்து, 4 நிமிடம் கழித்து மறைந்தால் அது ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (மல்டிகாஸ்ட்டை, அதாவது பலருக்கும் ஒன்றாக அனுப்பும் செய்தியை, கேட்டவர்களுக்கு மட்டும் விடும் வடிகட்டி) கோளாறு. வீட்டுக்குள் கருவிகள் ஒன்றையொன்று தேடுவது எம்டிஎன்எஸ் மூலம்: 224.0.0.251, யூடிபி 5353. 224.0.0 என்று தொடங்கும் முகவரிகளுக்கான மல்டிகாஸ்ட்டை ஸ்னூப்பிங் வடிகட்டவே கூடாது. சில ஃபர்ம்வேர்கள் வடிகட்டுகின்றன. ஐஜிஎம்பியின் டீஃபால்ட் காலக்கெடு 260 விநாடி. அந்த 4 நிமிடக் கணக்கு அங்கிருந்து வருகிறது. ஐபிடிவி கொடுக்காத வீடுகளில் ஸ்னூப்பிங்கை ஆஃப் செய்துவிட்டு, ஓஎன்டி தயாரிப்பாளரிடம் டிக்கெட் போடுங்கள்.

டிஎச்சிபி பூலையும் (கருவிகளுக்குக் கொடுக்கும் ஐபி முகவரிகளின் தொகுப்பு) ஒரு பார்வை பாருங்கள். 32 முகவரியோடு வரும் டீஃபால்ட்டுகள் உண்டு. 200-க்கு உயர்த்தி, லீஸ் (ஒரு முகவரி செல்லும் காலம்) 24 மணி நேரம் வையுங்கள். ஒரு ரேடியோவுக்கு 32 கிளையன்ட் என்று ஃபர்ம்வேரிலேயே வரம்பு இருந்தால் செட்டிங்கில் வழியில்லை. அந்த வீட்டுக்கு வேறு மாடல்தான்.

பாக்கெட்ராசா

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனா அந்தத் தனி எஸ்எஸ்ஐடியை எல்லா வீட்டுக்கும் டீஃபால்ட்டா ஆன் பண்ணிடாதீங்க. அடுக்குமாடியில பக்கத்துப் பக்கத்து வீடெல்லாம் உங்க கனெக்ஷன்னா, ஒவ்வொரு ஓஎன்டியும் கூடுதலா ஒரு பெயரை வினாடிக்கு சுமார் 10 தடவை பீக்கன் விட்டுக்கிட்டே இருக்கும், அதுவும் ரொம்பக் குறைஞ்ச வேகத்துல. 2.4-ல ஏற்கெனவே மூச்சு முட்டுது. அதோட, டிவியையும் லேப்டாப்பையும் அதே பெயர்ல போட்டுட்டு "ஸ்லோ"ன்னு போன் பண்ற கூட்டம் புதுசா வரும்.

உங்க கஸ்டமர் ஆப்புல "கருவி சேர்" னு ஒரு பட்டன் வைங்க. அழுத்தினா 5 கிகாஹெர்ட்ஸ் 15 நிமிஷம் ஆஃப் ஆகி, தானா திரும்ப ஆன் ஆகணும். பேண்ட் ஸ்டீயரிங்கால வர்ற சேர்க்கும் பிரச்சினை அதோட முடிஞ்சுது. சேர்ந்ததுக்கு அப்புறம் பல்ப் அதுபாட்டுக்கு 2.4-ல இருக்கும். பழைய சில்லு நிறைய இருக்கிற வீட்டுக்கு மட்டும் தனி எஸ்எஸ்ஐடி போதும்.

இப்ப கேமராவுக்கு வரேன். ஸ்மார்ட் ஹோம்ல பேண்ட்விட்த்தைத் தின்னுறது அது ஒண்ணுதான், அதுவும் அப்லோடு பக்கம். 1080பி கேமரா ஒண்ணு எச்.264-ல சுமார் 2 எம்பிபிஎஸ். 24 மணி நேரமும் கிளவுடுக்கு அனுப்பினா ஒரு நாளைக்கு 21.6 ஜிபி, மாசம் 650 ஜிபி பக்கம். நாலு கேமரா வச்சா 8 எம்பிபிஎஸ். உங்க பிளான்ல அப்லோடு 10-ன்னா, யாராவது ஒருத்தர் போட்டோ பேக்கப் போட்டதும் வரிசை கட்டி நிக்கும். 15 மில்லிசெகண்ட் இருந்த பிங் 500-ஐத் தாண்டும். "லைட் போடு" ன்னு சொன்னா ஸ்பீக்கர் யோசிச்சு யோசிச்சு பதில் சொல்லும். ஸ்பீடு டெஸ்டுல இது மாட்டாது, ஏன்னா டெஸ்ட் டவுன்லோடு நம்பரைப் பெருசாக் காட்டிட்டுப் போயிடும். லோடுல இருக்கும்போது பிங் எவ்வளவுன்னு பார்க்கணும்.

மருந்து எஸ்க்யூஎம் (பாக்கெட் வரிசை நீளாம பார்த்துக்கிற முறை). அதுல கேக் இல்லன்னா எஃப்க்யூ-கோடெல்னு ஒரு அல்காரிதம் எடுத்து, அப்லோடு வேகத்துல 90 சதவீதத்துக்கு செட் பண்ணுங்க. ரெண்டு பக்கமும் போடாதீங்க. எஸ்க்யூஎம் ஆன் ஆனா ஹார்டுவேர் நாட் ஆஃப்லோடு (பாக்கெட்டை சிபியூவைத் தொடாம தனிச் சில்லே கடத்துறது) பெரும்பாலும் ஆஃப் ஆகும். ஓஎன்டியில இருக்கிற சின்ன சிபியூ 300 எம்பிபிஎஸ் டவுன்லோடை இழுக்கத் திணறும். அப்லோடுக்கு மட்டும் போட ஃபர்ம்வேர் விட்டா அதுவே போதும், நெரிசல் அங்கதானே.

எஃப்யூபி (டேட்டா வரம்பு) வச்சிருக்கீங்களா? டேட்டா தீர்ந்ததும் 1 எம்பிபிஎஸ்னு இறக்கினா மிச்ச அப்லோடையும் கேமராவே முழுங்கிடும், பல்ப் உள்பட எல்லாமே செத்த மாதிரி ஆயிடும். கிளவுடுல அசைவு வந்தா மட்டும் பதிவு, முழுப் பதிவு மெமரி கார்டுல, இப்படி மாத்திக்கச் சொல்லிக் கொடுங்க. 128 ஜிபி கார்டுல அதே 2 எம்பிபிஎஸ் கிட்டத்தட்ட 6 நாள் நிக்கும்.

ஃபைபர்வலை

இருவருக்கும் நன்றி. 15 நிமிட பட்டன் யோசனை நன்றாக இருக்கிறது, ஆப் பிரிவிடம் பேசுகிறேன். ஐஜிஎம்பி விஷயம் எங்கள் ஒரு மாடலுக்கு அப்படியே பொருந்துகிறது. சிஜிநாட் பக்கம் யாராவது சொல்ல முடியுமா? வாடிக்கையாளருக்கு 256 போர்ட் பிளாக் (பொது ஐபியில் அவர் பங்குக்கு வரும் போர்ட் எண்கள்). டிசிபி டைம் அவுட் (பேசாத இணைப்பை அழிக்கும் கெடு) 10 நிமிடம் வைத்திருக்கிறோம்.

நாட்டுக்குள்நாட்

அந்த 10 நிமிடமே உங்கள் "ஆஃப்லைன்" புகார்களில் கணிசமான பங்கைத் தரக்கூடும். ஸ்மார்ட் கருவி ஒவ்வொன்றும் தன் சர்வருக்கு ஒரு டிசிபி இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பெரும்பாலும் எம்க்யூடிடி என்ற செய்தி முறையில், பேசாமல் காத்திருக்கும். கீப்-அலைவ் (இணைப்பு உயிரோடிருக்க அனுப்பும் சிறு செய்தி) 60 விநாடிக்கு ஒருமுறை அனுப்பினால் தப்பித்தது. 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பும் கருவிக்கான பதிவைத் தன் டேபிளிலிருந்து உங்கள் சிஜிநாட் 10-வது நிமிடத்தில் சத்தமில்லாமல் அழித்துவிடும். கருவிக்கு அது தெரியாது. சர்வர் அனுப்பும் கட்டளை வழியில் விழும். அடுத்த கீப்-அலைவ் தோற்று மறுபடி இணையும்வரை ஆப்பில் ஆஃப்லைன். "கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுது" என்று வாடிக்கையாளர் சொன்னால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

நிலைபெற்ற டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன் வெட்டக்கூடாது என்கிறது இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 5382. யூடிபிக்கு ஆர்எஃப்சி 4787 சொல்வது குறைந்தது 2 நிமிடம், 5 இருந்தால் நல்லது. ஓஎன்டியின் சொந்த நாட் டேபிளிலும் இதே எண்களைச் சரிபாருங்கள். அங்கே குறைவாக இருந்தால் சிஜிநாட்டில் மாற்றிப் பயனில்லை.

டைம் அவுட்டை நீட்டினால் போர்ட் அதிகம் பிடிக்கும், எனவே 256 போதாது. 40 கருவி ஆளுக்கு 2 இணைப்பு என்றால் 80 போர்ட் நிரந்தரமாகப் போயிற்று. ஒரு பிரவுசரும் ஒரு டிவியும் சேர்ந்தால் மீதியும் காலி. 1,024 கொடுங்கள். முகவரி கட்டுப்படியாகவில்லை என்றால் 512 கொடுத்து, தீரும்போது இரண்டாவது பிளாக் தானாக வருமாறு வையுங்கள்.

"வெளியில இருந்து கேமரா" புகாருக்கு: ஓஎன்டியின் வேன் (இணையப் பக்க) முகவரி சிஜிநாட்டுக்கான 100.64 முதல் 100.127 வரையிலான வரம்பில் இருந்தால் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே இருக்கும் கருவிக்குத் திருப்புவது) பலிக்காது. யூபிஎன்பி (போர்ட்டைத் தானாகத் திறக்கும் வசதி) மட்டும் "திறந்தாச்சு" என்று பொய் சொல்லும். ஆப்பின் முகப்பிலேயே "உங்களுடையது பகிரப்பட்ட ஐபி" என்று காட்டிவிட்டால் பாதி அழைப்பு வராது. கேட்பவருக்குப் பொது ஐபி கொடுக்க வழி வையுங்கள். ஆனாலும் கேமராவின் போர்ட்டை அப்படியே இணையத்துக்குத் திறக்கச் சொல்லாதீர்கள், விபிஎன் வழிதான் சரி.

நிரந்தரத் தீர்வு ஐபிவி6. வீட்டுக்கு /56 அளவு முகவரித் தொகுதி, ஒவ்வொரு ரீகனெக்டுக்கும் மாறாத பிரிஃபிக்ஸ் (முகவரியின் முன்பகுதி), உள்வரும் இணைப்பு டீஃபால்ட்டாக மறுப்பு. மேட்டர் (ஸ்மார்ட் ஹோமுக்கான பொதுத் தரம்) கருவிகள் வீட்டுக்குள் பேசுவதே ஐபிவி6-ல்தான். சென்சார்களின் த்ரெட் நெட்வொர்க்கை வீட்டு நெட்வொர்க்கோடு இணைக்கும் ஹப், அதாவது த்ரெட் பார்டர் ரவுட்டர், தன் வழித்தடத்தை ரவுட்டர் அறிவிப்பு மூலம் போனுக்குச் சொல்லும். வைஃபை கிளையன்டிடமிருந்து வரும் அந்த அறிவிப்பைத் தடுக்கும் ஃபர்ம்வேர் என்றால் ஹப் தெரியும், பின்னால் இருக்கும் சென்சார் ஒன்றும் தெரியாது. ஓஎன்டி வாங்கும் முன் சோதிக்க வேண்டியவற்றில் இதைச் சேருங்கள்.

ஓம்விதி

கரண்ட் போய் வரும் புகாரை யாரும் தொடவில்லை. பிளக் 5 விநாடியில் எழுந்துவிடும். ஓஎன்டி எழ 2–3 நிமிடம். அதற்குள் சில கருவிகள் தேடிச் சலித்துத் தாமே ஹாட்ஸ்பாட் ஆகிவிடும். மிச்சமிருப்பவை எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதும்போது சின்ன சிபியூ சிலவற்றைத் தவறவிடும். ஓஎன்டிக்கு ஒரு 12 வோல்ட் மினி யூபிஎஸ் சேர்த்துக் கொடுங்கள். 8,800 எம்ஏஎச், 3.7 வோல்ட் செல் என்றால் 32 வாட்-மணி. 10 வாட் இழுக்கும் ஓஎன்டி இழப்பு போக இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். பின்னின் அளவும் ஆம்பியரும் பார்த்து வாங்குங்கள்: அடாப்டரில் 12 வோல்ட் 2 ஆம்பியர் என்றிருக்க 1 ஆம்பியர் யூபிஎஸ் மாட்டினால், பேட்டரிக்கு மாறும் நொடியில் ரீபூட் ஆகும்.

பழுதான ஓஎன்டியை மாற்றும்போது டெக்னீஷியன் புதுப் பெயரோடு வைத்துவிட்டு வந்தால், வீட்டில் இருக்கும் 30 கருவியையும் ஒவ்வொன்றாக ரீசெட் செய்யவேண்டியது வாடிக்கையாளர் தலையில் விழும். எஸ்எஸ்ஐடி, பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றையும் எழுத்து மாறாமல் டிஆர்-069 பேக்கப்பிலிருந்து இறக்குங்கள். லேன் முகவரியும் அதேயாக இருக்கட்டும். பழையது 192.168.1, புதியது 192.168.0 என்றால் நிலையான ஐபி போட்ட கேமராவும் என்விஆரும் (கேமரா ரெக்கார்டர்) காணாமல் போகும். டிஎச்சிபி ரிசர்வேஷன் பட்டியலையும் மறக்காதீர்கள். ஃபர்ம்வேர் அப்டேட் இவற்றில் எதையும் டீஃபால்ட்டுக்குத் திருப்பக் கூடாது. எல்லா வீட்டுக்கும் தள்ளுமுன் சில வீடுகளில் பாருங்கள்.

கால் சென்டர் திரையில் ஸ்பீடு டெஸ்டுக்கு மேலே டிஆர்-181 (டிஆர்-069 வழியாகப் படிக்கும் தகவல் பட்டியல்) தரும் கருவிவாரியான சிக்னலைக் காட்டுங்கள். −67 டிபிஎம்முக்கு மேல் என்றால் சிக்னல் சரி. −75-க்குக் கீழ் என்றால் ஆளை அனுப்பி ஓஎன்டியை இடம் மாற்றவோ, கம்பி வழியில் இன்னொரு ஏபி (வைஃபை அக்சஸ் பாயின்ட்) வைக்கவோ வேண்டும். டிவி அலமாரிக்குள் தள்ளி வைத்த ஓஎன்டியை வெளியே எடுப்பதே பல வீட்டில் போதும். இந்தப் பட்டியலில் வீட்டுக் கருவிகளின் பெயர் எல்லாம் தெரியும் என்பதால், வாடிக்கையாளர் சம்மதித்த அழைப்பின்போது மட்டும் திறக்கும்படி வையுங்கள்.

டிஆர்-069 போர்ட் 7547 உங்கள் ஏசிஎஸ் (டிஆர்-069 சர்வர்) முகவரிக்கு மட்டும் திறந்திருக்கிறதா என்று இன்றே பாருங்கள். 2016 நவம்பரில் மிராய் (இணையக் கருவிகளைத் தாக்கும் தீநிரல்) வகை ஒன்று இந்தப் போர்ட்டைத் தாக்கியபோது டாய்ச்சே டெலிகாம் வாடிக்கையாளர்கள் சுமார் 9 லட்சம் பேரின் இணைப்பு பாதிக்கப்பட்டது.

ஃபைபர்வலை

7547 பார்த்தேன், ஏசிஎஸ்ஸுக்கு மட்டும்தான். டிசிபி டைம் அவுட்டையும் போர்ட் பிளாக்கையும் ஒரே ஓஎல்டியில் (எங்கள் பக்க ஃபைபர் கருவி) முதலில் மாற்றிப் பார்க்கிறோம். ஐஜிஎம்பிக்கு டிக்கெட் போட்டாயிற்று. மினி யூபிஎஸ்ஸில் ஒரு சந்தேகம்: எங்கள் ஓஎன்டி அடாப்டர் 12 வோல்ட் 1.5 ஆம்பியர். 2 ஆம்பியர் யூபிஎஸ் மாட்டினால் பாதகம் உண்டா?

ஓம்விதி

இல்லை. வோல்ட்டும் பின்னின் துருவமும் ஒத்துப்போனால் போதும்; ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், ஓஎன்டி தனக்கு வேண்டியதை மட்டும் இழுக்கும். யூபிஎஸ்ஸைச் சார்ஜ் செய்யப் பழைய 1.5 ஆம்பியர் அடாப்டரையே மாட்டிவிடாதீர்கள். ஓஎன்டியும் ஓடி பேட்டரியும் ஏற வேண்டும் என்றால் அது சூடாகும். யூபிஎஸ்ஸோடு வரும் அடாப்டரையே பயன்படுத்துங்கள்.