திரும்பிப் போனதா, வரவே இல்லையா?

ஓய்வூதியக் கணக்கன் (நல்லூர்), காலை 6.10

வடமாகாணத்துக்கு ஒதுக்கும் நிதி பற்றி நேற்று வடமராட்சியான் இந்தக் கருத்துப் பகுதியில் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு நித்திரை வரவில்லை. "வடக்குக்கு ஒதுக்குகிற காசு வருசா வருசம் கொழும்புக்குத் திரும்பிப் போகிறது, எங்கட ஆக்களுக்குச் செலவழிக்கத் தெரியாது" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். அதற்கு விருப்பம் போட்டவர்களில் பாதிப்பேர் எனக்குத் தெரிந்தவர்கள். 31 வருடம் கணக்குக் கிளையில் இருந்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன்: வராத காசு எப்படித் திரும்பிப் போகும்?

பாராளுமன்றம் ஒதுக்கீட்டுச் சட்டமூலத்துக்குக் கை உயர்த்திவிட்டால் காசு கச்சேரி (மாவட்டச் செயலக) பெட்டகத்துக்கு வந்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். ஒதுக்கீடு என்பது செலவழிக்கத் தரும் அனுமதி. காசு கட்டுநிதியாகத்தான், அதாவது செலவுக்கென்று கையில் தரும் பணமாகத்தான் வரும், அதுவும் திறைசேரி விடுகிற நேரத்தில், விடுகிற அளவில். 10 கோடி ஒதுக்கி 6 கோடிக்குக் கட்டுநிதி விட்டால், மிச்சம் 4 கோடியும் டிசெம்பர் 31 நள்ளிரவோடு காலாவதி. அந்த 4 கோடி வடக்குக்கு வரும் வழியில் உள்ள மதவாச்சியைக்கூடத் தாண்டவில்லை. பிறகு எதைத் திருப்பி அனுப்பினோம்?

வடமராட்சியான் (ரொறன்ரோ), காலை 7.32

வணக்கம் ஐயா. கணக்குப் பாடம் வேண்டாம். 2013 செப்டெம்பரில் வாக்குப் போட்டு 38 பேர் கொண்ட வட மாகாண சபை வந்தது. 2018 ஒக்ரோபரில் அதன் காலம் முடியும்வரை இந்த ஒரே பாட்டைத்தான் கேட்டோம். ஒரு பக்கம் "திரும்பிப் போனது" என்றார்கள், மறுபக்கம் "ஒரு சதமும் திரும்பவில்லை" என்றார்கள். எங்கள் ஒழுங்கை மட்டும் அப்படியே கிடந்தது. போன வருசம் அம்மாவின் திவசத்துக்கு வந்தபோது ஓட்டோக்காரர் ஒழுங்கை முகப்பிலேயே இறக்கிவிட்டார், உள்ளே வரமாட்டேன் என்றார். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெள்ளத்துக்குள்ளால் நடந்தேன். காலாவதி என்று சொன்னாலும் திரும்பியது என்று சொன்னாலும் ஊருக்குக் கிடைக்கவில்லை. திரும்பியது என்றால் திரும்பியதுதான்.

ஓய்வூதியக் கணக்கன், காலை 7.41

இல்லை. வந்துவிட்டுப் போனால்தான் திரும்பியது. வராதது திரும்பாது. இதற்குக் கணக்குத் தெரியவேண்டியதில்லை, தமிழ் தெரிந்தால் போதும்.

மதகடி (தென்மராட்சி), காலை 8.05

இரண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்கள். நான் சின்னக் கொந்தராத்துக்காரன். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு உள்ளூராட்சிச் சபைக்கு மதகு ஒன்று கட்டினேன். கேள்வி (ரெண்டர்) அறிவித்தல் வந்தது ஓகஸ்டில். ஒப்பந்தம் கையெழுத்தாக ஒக்ரோபர் நடுப்பகுதி. எங்கள் மாரி எப்போது தொடங்கும் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிடங்கு வெட்ட வெட்டத் தண்ணீர், மெசின் வைத்து இறைத்து இறைத்துத்தான் கொங்கிறீற் போட்டோம். நவம்பர் கடைசியில் முடித்தேன். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்தார், பில் போட்டேன். "கட்டுநிதி இல்லை, தையில் வாருங்கள்" என்றார்கள். தையில் போனால் "இன்னும் வரவில்லை". காசு கைக்கு வந்தது ஆனியில். அதுவரை சீமெந்துக் கடைப் பக்கம் போக முடியவில்லை, மனைவியின் தாலிக்கொடி அடைவில் இருந்தது.

இப்போது கணக்கர் ஐயாவிடம் கேட்கிறேன். எனக்குத் தந்தது எந்த வருசத்துக் காசு? புதிய வருசத்து ஒதுக்கீட்டில் இருந்துதானே தந்தீர்கள்? அப்படியென்றால் அந்த வருசம் ஊருக்கு ஒரு மதகு குறைந்தது. அது திரும்பிய கணக்கா, வராத கணக்கா?

ஓய்வூதியக் கணக்கன், காலை 8.11

பார்த்தீர்களா வடமராட்சியான்? வேலை செய்தவரே சொல்கிறார், கட்டுநிதி வரவில்லை என்று. காலை ஆறு மணியிலிருந்து நான் சொல்வது இதைத்தான்.

மதகடி, காலை 8.20

ஐயா, சொன்னதில் பாதியை மட்டும் எடுக்காதீர்கள். கேள்வி அறிவித்தலை ஓகஸ்ட் வரை இழுத்தது திறைசேரி இல்லை. மதிப்பீட்டை மூன்று தடவை திருப்பி அனுப்பியது உங்களைப் போன்றவர்கள் இருந்த கணக்குக் கிளை. ஒரு தடவை நாலாம் பக்கத்தில் முத்திரை இல்லை என்று திருப்பினார்கள். காசு திரும்பியதோ தெரியாது, என் கோவை (ஃபைல்) மூன்று தடவை திரும்பியது.

ஓய்வூதியக் கணக்கன், காலை 8.34

முத்திரை இல்லாமல் காசு கொடுத்தால் நாளைக்குக் கணக்காய்வு ஐயவினா வரும். 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டம் வந்த பிறகு, அரசுக்கு வந்த நட்டத்தைப் பொறுப்பான உத்தியோகத்தரிடமே அறவிடலாம். மதகைக் கட்டியவர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார். கையெழுத்துப் போட்டவன் பென்சனுக்குப் போகும் வரைக்கும் அந்தக் கோவையைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். அந்தப் பயம் உங்களுக்கு விளங்காது.

மதகடி, காலை 8.37

பயந்து பயந்து வருசத்தை முடித்தால் பிறகு காசு எப்படி நிற்கும்? நீங்களே ஒத்துக்கொண்டீர்கள்.

ஓய்வூதியக் கணக்கன், காலை 8.38

நான் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. வராத காசு திரும்பாது.

ஆலடிச்சந்தி (கோண்டாவில்), காலை 9.50

வயதில் உங்கள் எல்லோருக்கும் சின்னவள், ஆனாலும் சொல்கிறேன். "திரும்பியது" என்ற சொல்லை ஆளுக்கொரு பொருளில் பாவிக்கிறீர்கள். மூன்று தொகைகள் வேண்டும்: ஒதுக்கியது, கட்டுநிதியாக வந்தது, செலவானது. முதல் இரண்டுக்கும் இடையில் விழுந்ததற்குக் கொழும்பு பதில் சொல்லட்டும். பின் இரண்டுக்கும் இடையில் விழுந்ததற்கு நாங்கள் பதில் சொல்வோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தத் திணைக்களத்திடமும் இதைக் கேட்கலாம். தருவார்களா மாட்டார்களா என்று 14 வேலை நாட்களுக்குள் சொல்லியாக வேண்டும். இங்கே சண்டை பிடிப்பவர்களில் ஒருவராவது விண்ணப்பம் போட்டீர்களா?

அதைவிட எனக்கு மனம் கொதிப்பது வேறு விசயத்தில். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் வாசிப்பது நிதி முன்னேற்றம், பௌதிக முன்னேற்றம் என்று இரண்டு நிரல்தான். போட்ட வீதி அடுத்த மாரிக்குத் தாங்கியதா என்று கேட்க மூன்றாவது நிரல் கிடையாது. எங்கள் சந்தியில் வீதிக்குக் காப்பெற் (தார்) போட்டு ஆறு மாதம் ஆகவில்லை, குழாய் தாட்க வெட்டினார்கள். அறிக்கையில் இரண்டு வேலையும் நூறு வீதம் நிறைவு. காசு முழுதாகச் செலவானால் வெற்றி என்று எண்ணுகிற வரை இப்படித்தான் வெட்டுவார்கள், மூடுவார்கள்.

வடமராட்சியான், காலை 10.02

தங்கச்சி நல்லாய் எழுதுகிறீர்கள். ஆனால் ஒரு சொல்லில் பதில் சொல்லுங்கள். திரும்பியதா, இல்லையா?

ஓய்வூதியக் கணக்கன், காலை 10.06

பிள்ளை, பின் இரண்டுக்கும் இடையில் உள்ளதை எங்கள் தலையில் கட்ட வேண்டாம். டிசெம்பர் கடைசி வாரத்தில் கட்டுநிதி வந்தால் அதை யாரால் செலவழிக்க முடியும்? அதையும் வராத காசு என்றுதான் எழுத வேண்டும்.

ஆலடிச்சந்தி, காலை 10.09

அப்படியென்றால் வந்த திகதியோடு வெளியிடச் சொல்லிக் கேட்போம். அதற்கு ஏன் எல்லோரும் மௌனம்?

பரந்தன் வயல் (கிளிநொச்சி), காலை 11.15

யாழ்ப்பாணத்தார் வடக்கின் காசு என்று கதைக்கும்போது எனக்குத் தண்ணீர்தான் ஞாபகம் வருகிறது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி கடன் தந்தபோது, எங்கள் இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் குழாயில் கொண்டுபோகலாம் என்று திட்டம் எழுதினார்கள். எங்கள் சிறுபோக நெல் விதைப்பை யார் யோசித்தது? நாங்கள் எதிர்த்து நின்ற பிறகுதான் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கலாம் என்று மாற்றினார்கள். அந்த நிலையம் திறந்தது 2024 ஓகஸ்டில், நாளுக்கு 24,000 கன மீற்றர். திட்டம் எழுத முதல் வாய்க்காலில் நிற்கிறவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இத்தனை வருடம் வீணாகியிருக்குமா?

வடமராட்சியான், காலை 11.24

தாளையடி வடமராட்சி கிழக்கு. நிலையம் நிற்பது எங்கள் கடற்கரையில், உவர்க்கழிவு போவது எங்கள் கடலுக்குள். எங்கள் கடற்றொழிலாளர்களும் எதிர்த்தார்கள், அதை ஏன் விட்டீர்கள்?

பரந்தன் வயல், காலை 11.27

"எங்கள் கடற்கரை" என்று ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறீர்கள். அந்தக் கடலில் கடைசியாக எப்போது கால் நனைத்தீர்கள்?

வடமராட்சியான், காலை 11.40

நான் விரும்பியா வெளிக்கிட்டேன்? இரவு வேலையில் உழைத்து அனுப்பிய காசில்தான் எங்கள் வாசிகசாலைக்குக் கூரை போட்டோம். ஒவ்வொரு சீமெந்துப் பைக்கும் பற்றுச்சீட்டு இருக்கிறது. எங்கள் ஊர்ச் சங்கத்திடமிருந்து ஒரு சதம் திரும்பவில்லை. சங்கத்தால் முடிந்தது மாகாணத்தால் ஏன் முடியவில்லை என்று யாராவது சொல்லுங்கள்.

ஓய்வூதியக் கணக்கன், நண்பகல் 12.30

இரணைமடுவும் தாளையடியும் வெளிநாட்டுக் கடனில் மத்திய அமைச்சு செய்தவை. இந்தத் தலைப்புக்குள் வராது. வாசிகசாலைக் கூரையும் வராது. சங்கத் தலைவர் தன் கையால் கொடுத்து தன் கையால் வாங்குகிறார். மாகாணத்துக்கு நிதி ஆணைக்குழு பரிந்துரைக்க வேண்டும், திறைசேரி இணங்க வேண்டும், வருகிற காசிலும் பெரும்பங்கு ஆசிரியருக்கும் ஆஸ்பத்திரிக்கும் சம்பளமாகப் போகும். வீதிக்கும் மதகுக்கும் மிஞ்சுவதில்தான் இவ்வளவு சண்டையும்.

2025ஐ எடுங்கள். அதற்கு முந்திய வருடம் நடந்த தேர்தல்களால் பாதீடு பெப்ரவரி 17இல்தான் வாசிக்கப்பட்டது. நிறைவேறியது மார்ச் 21இல். வடக்கின் கிராமிய வீதிகளுக்கும் பாலங்களுக்கும் 5,000 மில்லியன் ரூபா, முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்துக்கு 1,000 மில்லியன் என்று சொன்னபோது எல்லோருக்கும் சந்தோசம். நான் விரல் மடித்து எண்ணினேன். எந்த வீதி என்று தெரிந்து, அளந்து, மதிப்பீடு போட்டு, கேள்வி கோரி, ஒப்பந்தம் எழுத ஆவணி வந்துவிடும். ஐப்பசியில் மழை. தார் வேலைக்கு எங்களுக்கு உள்ளது வெயில் மாதங்கள். நிதியாண்டு முடிவதோ நடு மாரியில். வெயிலில் காகிதத்தையும் மழையில் தாரையும் வைத்திருக்கிற நாட்காட்டி இது. இதை நாங்கள் வகுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மாகாணக் கணக்குப் பற்றிக் கணக்காய்வாளர் நாயகம் எழுதும் அறிக்கை மாகாண சபையில் வைக்கப்பட வேண்டும். 2018இலிருந்து வைக்கச் சபை இல்லை. உத்தியோகத்தரே திட்டமிட்டு, உத்தியோகத்தரே செலவழித்து, உத்தியோகத்தரே முன்னேற்றம் வாசிக்கிறார்கள். உள்ளூராட்சிச் சபைகளிலும் 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை மக்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லை. நானும் உத்தியோகத்தன்தான், ஆனால் இது சரியில்லை என்று வேலையில் இருந்தபோதே சொன்னவன். இவ்வளவும் சொன்ன பிறகும் சொல்கிறேன், காசு திரும்பவில்லை.

ஆலடிச்சந்தி, பிற்பகல் 12.52

சபை இல்லாவிட்டாலும் பாராளுமன்றத்தின் அரசாங்கக் கணக்குகள் பற்றிய குழு இருக்கிறது ஐயா. மாகாண நிறுவனங்களின் கணக்கையும் அது பார்க்கிறது. 2024இல் 44ஆம் இலக்கப் பொது நிதி முகாமைத்துவச் சட்டமும் வந்தது. கேட்க இடம் இல்லாமல் இல்லை, கேட்பவர்கள்தான் இல்லை. யாழ்ப்பாணக் கலாசார மண்டபத்தைப் பாருங்கள். 2015இல் இந்தியப் பிரதமர் அடிக்கல் வைத்தார், 2022இல் திறந்தார்கள். 11 மாடிக்கு மின்சாரமும் லிஃப்டும் யார் காசில் என்ற கேள்வி கட்டிடம் எழும்பிய பிறகுதான் மாநகர சபைக்கு வந்தது.

பனங்கூடல் (புங்குடுதீவு), பிற்பகல் 1.10

கணக்கர் ஐயா பட்ஜட்டைப் "பாதீடு" என்று எழுதியதற்கு நன்றி. மற்றவர்கள் பில், காப்பெற், லிஃப்ட் என்று எழுதுவது வருத்தமாக இருக்கிறது.

மதகடி, பிற்பகல் 1.14

எங்கள் ஆட்களுக்குக் கூலி கொடுக்கும்போது இந்தச் சொற்களால்தான் கதைக்கிறோம். பில்லுக்குத் தமிழ் தெரிந்ததால் எனக்குக் காசு முந்தி வந்திருக்குமா?

பனங்கூடல், பிற்பகல் 1.16

சிட்டை என்று எழுதுங்கள். தென்மராட்சியில் எல்லோருமே இப்படியா?

மதகடி, பிற்பகல் 1.18

தென்மராட்சியை இதற்குள் இழுக்க வேண்டாம்.

வடமராட்சியான், பிற்பகல் 1.45

நான் போட்ட கேள்வி அப்படியே இருக்கிறது. மழை, நாட்காட்டி, திறைசேரி, முத்திரை, சபை இல்லை. எல்லாம் காரணம். காரணம் சொல்லும்போதே காசு போய்விட்டது என்று சொல்கிறீர்கள்.

ஓய்வூதியக் கணக்கன், பிற்பகல் 1.49

போகவில்லை. வரவில்லை. எத்தனை தரம் எழுதுவது? திருப்பிச் செலுத்திய ஒரு காசோலையின் பிரதியை இங்கே போடுங்கள், நான் எழுதியது முழுவதையும் அழித்துவிடுகிறேன்.

வடமராட்சியான், பிற்பகல் 1.53

பத்தாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறவனிடம் காசோலைப் பிரதி கேட்கிறீர்கள். பெட்டகத் திறப்பு உங்கள் கையில்தான் 31 வருடம் இருந்தது.

ஆலடிச்சந்தி, பிற்பகல் 2.20

நான் விண்ணப்பம் எழுதத் தொடங்கிவிட்டேன். மாகாணத் திணைக்களங்களிடம் மூன்று தொகையும், கட்டுநிதி வந்த திகதியும். கூடக் கையெழுத்து வைக்க விருப்பமானவர்கள் இருக்கிறீர்களா?

ஓய்வூதியக் கணக்கன், பிற்பகல் 2.31

விண்ணப்பத்தில் "திரும்பிய நிதி" என்ற சொல் இருந்தால் நான் கையெழுத்து வைக்க மாட்டேன்.

வடமராட்சியான், பிற்பகல் 2.33

அந்தச் சொல் இல்லாவிட்டால் நான் வைக்க மாட்டேன்.

மதகடி, பிற்பகல் 2.40

பிள்ளை, அதில் இன்னொன்றும் சேர். அந்த மதகு பழுதானால் திருத்தவென்று என் பில்லில் பிடித்து வைத்த ரிட்டென்சன் காசு எனக்கு இன்னும் வரவில்லை. பராமரிப்புக் காலம் முடிந்து இரண்டு மாரி போய்விட்டது. மதகு நிற்கிறது, ஒரு வெடிப்பும் இல்லை, வந்து பார்க்கலாம். அந்தக் காசு இப்போது எந்த நிரலில் கிடக்கிறது என்று கேள்.