சைக்ளோட்ரானில் காந்தம் வேலையே செய்யாது என்றால் சூத்திரத்தில் அது எதற்கு?

வடக்குவீதி:
வணக்கம். தங்கை பிளஸ் டூ படிக்கிறாள். நேற்று ராத்திரி இயற்பியல் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்தாள். நான் சிவில் படித்தவன், பள்ளியில் படித்ததெல்லாம் எப்போதோ மறந்துபோச்சு, இருந்தாலும் அண்ணன் என்கிற கெத்து போய்விடக் கூடாதே என்று ஆரம்பித்து பாதியில் நானே மாட்டிக்கொண்டேன்.

ஓரிடத்தில், காந்தப்புலம் மின்துகள் மேல் செலுத்தும் விசை எப்போதும் அது போகும் திசைக்குச் செங்குத்தாக இருக்கும், அதனால் அது செய்யும் வேலை சுழி, வேகம் கூடாது குறையாது, திசை மட்டும் மாறும் என்று இருக்கிறது. சரி. கொஞ்சம் தள்ளி சைக்ளோட்ரான், அதாவது மின்துகளைச் சுற்றவிட்டு வேகமேற்றுகிற கருவி, வருகிறது. வெளியே வரும் துகளின் இயக்க ஆற்றல் 'க்யூ ஸ்கொயர் பி ஸ்கொயர் ஆர் ஸ்கொயர் பை டூ எம்' என்கிறார்கள். மின்னூட்டம் க்யூ, நிறை எம் இருக்கிறது, காந்தப்புலம் பி இருக்கிறது, ஆரம் ஆர் இருக்கிறது, டீக்களுக்கு (துகள் உள்ளே சுற்றுகிற, ஆங்கில D வடிவ இரண்டு உலோகப் பெட்டிகள்) நடுவே கொடுக்கிற வோல்டேஜ் மட்டும் எங்கே தேடினாலும் காணோம்! "அப்போ காந்தம்தானே அண்ணா ஆற்றல் கொடுக்குது, வோல்டேஜ் சும்மாதானே?" என்றாள். தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து வந்துவிட்டேன். யாராவது காப்பாற்றுங்கள்.

சாக்பீஸ்தூள்:
தம்பி, உங்கள் தங்கை கேட்டது நல்ல கேள்வி. சூத்திரத்தை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்கு இந்தச் சந்தேகம் வராது.

கோயிலில் சுண்டல் கொடுக்கிற இடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பையன் ஒரு கை சுண்டல் வாங்கிக்கொண்டு, பிரகாரத்தைச் சுற்றி வந்து, முன்பின் தெரியாதவன் மாதிரி மறுபடியும் வரிசையில் நிற்கிறான். சுண்டல் கொடுப்பவர் வோல்டேஜ். அவனைச் சுற்றவைத்துத் திரும்ப அதே இடத்தில் கொண்டுவந்து விடுகிற பிரகாரச் சுவர் காந்தம். சுவர் ஒரு பருக்கை கூடக் கொடுக்கவில்லை, ஆனால் சுவர் இல்லாவிட்டால் பையன் ஒரு கையோடு தெருவுக்குப் போயிருப்பான். இப்போது அவன் கையில் இருக்கிற பை. அது நிறைந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. கடைசியில் வீட்டுக்கு எவ்வளவு சுண்டல் போகும் என்பதைப் பையின் அளவு தீர்மானிக்கிறது. ஒரு தடவைக்கு எவ்வளவு அள்ளிக் கொடுத்தார்கள் என்பது எத்தனை சுற்று சுற்ற வேண்டியிருந்தது என்பதைத்தான் மாற்றும். உங்கள் சூத்திரம் பையின் அளவைச் சொல்கிற சூத்திரம், அவ்வளவுதான்.

கணக்காகவே பார்ப்போம். புரோட்டான், 1 டெஸ்லா புலம், காந்தத்தின் விளிம்பு மையத்திலிருந்து அரை மீட்டர். சூத்திரத்தில் போட்டால் சுமார் 12 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரும் (ஒரு வோல்ட்டைத் தாண்டும் புரோட்டானுக்குக் கிடைக்கிற ஆற்றல் ஒரு எலக்ட்ரான் வோல்ட், மெகா என்றால் பத்து லட்சம்). டீக்களுக்கு நடுவே 50,000 வோல்ட் கொடுத்தால், ஒரு சுற்றில் இடைவெளியை இரண்டு தடவை தாண்டுவதால் சுற்றுக்கு 1 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் ஏறுகிறது, ஆக 120 சுற்று. 25,000 வோல்ட்தான் இருக்கிறதா, 240 சுற்று. வெளியே வரும்போது இரண்டுக்கும் அதே 12. ஆற்றல் ஏற ஏற ஆரம் பெரிதாகிக்கொண்டே போகிறது (இதே புலத்தில் 1 மெகாவுக்கு 14 செ.மீ., 4 மெகாவுக்கு 29 செ.மீ.), அரை மீட்டரைத் தாண்டினால் காந்தத்தால் பிடித்து வைக்க முடியாது. பி அதிகமானால் இன்னும் இறுக்கி வளைக்கும், அதே இடத்துக்குள் இன்னும் அதிக ஆற்றல் அடங்கும். அதனால்தான் பி அங்கே உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. 1 மெகாவோடு ஒப்பிட்டால் 4 மெகாவில் வேகம் இரண்டு மடங்கு, வட்டமும் இரண்டு மடங்கு, ஆகவே ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் மாறவே இல்லை. விநாடிக்கு சுமார் 1.52 கோடி சுற்று, துகள் மெதுவாகப் போனாலும் வேகமாகப் போனாலும். வோல்டேஜை ஒரே தாளத்தில் முன்னும் பின்னும் மாற்றிக்கொண்டிருந்தால் போதும். 1931இல் பெர்க்லியில் எர்னஸ்ட் லாரன்ஸும் லிவிங்ஸ்டனும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருவி செய்து, 2,000 வோல்ட்டுக்கும் குறைவாகக் கொடுத்து 80,000 எலக்ட்ரான் வோல்ட் எடுத்தது இந்த ஒரு சௌகரியத்தை வைத்துத்தான். (இந்த லாரன்ஸ் அமெரிக்கர். 'லாரன்ஸ் விசை' என்று படிக்கிறோமே, அவர் டச்சுக்காரர், வேறு ஆள். தமிழில் எழுதினால் இரண்டு பேரும் ஒருவராகிவிடுகிறார்கள். தங்கையிடம் சொல்லி வையுங்கள்.)

எல்ஓடிபோச்சு:
சைக்ளோட்ரான் எல்லாம் நான் பார்த்ததில்லை. 22 வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவன், அதனால் பிக்சர் டியூப் தெரியும். அதுவும் இதே கதைதான்.

ஸ்பீக்கர் காந்தத்தை கறுப்பு வெள்ளை டிவி முன்னால் கொண்டுபோனால் படம் ஒரு பக்கமாக இழுபடும். ஆனால் வெளிச்சம் ஒரு பொட்டு கூடாது. எலக்ட்ரானுக்கு காந்தம் வேகம் கொடுக்கிறது என்றால் அந்த இடம் பளிச்சென்று ஆகியிருக்க வேண்டுமே. வேகம் கொடுப்பது பின்னால் இருக்கிற ஹை வோல்டேஜ், கறுப்பு வெள்ளையில் 10,000க்கு மேல், பெரிய கலர் செட்டில் 25,000 வரை. யோக் காயில், அதாவது டியூப் கழுத்தில் இருக்கிற காந்தச் சுருள், வளைக்க மட்டும்தான். (கலர் டிவியில் இதைச் செய்து பார்க்காதீர்கள், உள்ளே இருக்கிற மாஸ்க் காந்தமாகி மூலையில் பச்சையும் வயலெட்டுமாகக் கறை நின்றுவிடும், அப்புறம் என்னை மாதிரி ஆளைத் தேட வேண்டியிருக்கும்.)

இதைவிட நல்ல சாட்சி ஒன்று இருக்கிறது. எல்.ஓ.டி. (அந்த ஹை வோல்டேஜை உண்டாக்குகிற டிரான்ஸ்ஃபார்மர்) வீக் ஆன செட் வரும். பிரைட்னஸைக் கூட்டினால் படம் மங்கலாகி, கூடவே ஊதிப் பெரிதாகும், ஓரமெல்லாம் திரைக்கு வெளியே போகும். யோக்கில் ஓடுகிற கரன்ட் அதேதான். ஹை வோல்டேஜ் இறங்கியதால் எலக்ட்ரான் மெதுவாக வருகிறது, மெதுவாக வந்தால் அதே காந்தம் அதிகமாக வளைத்துவிடுகிறது. ரொம்ப நாள் இது ஏன் என்று தெரியாமலே எல்.ஓ.டி. மாற்றிக்கொண்டிருந்தேன்!

நுணுக்கம்பிடித்தவன்:
ஒரு திருத்தம் மட்டும். 'காந்தப்புலம் வேகத்தை மாற்றாது' என்பது புலம் நேரத்தோடு மாறாமல் இருக்கும்வரை. காந்தப்புலத்தையே கூட்டிக்கொண்டே போனால் அதைச் சுற்றி ஒரு மின்புலம் பிறக்கும், அது துகளைத் தள்ளும். 1940இல் டொனால்ட் கெர்ஸ்ட் செய்த பீட்டாட்ரான் இப்படித்தான் ஓடியது, டீயும் கிடையாது இடைவெளியும் கிடையாது. அங்கேயும் தள்ளியது மின்புலம்தான் என்பதைக் கவனிக்கவும். மற்றபடி சுண்டல் நன்றாக இருந்தது.

வடக்குவீதி:
சாக்பீஸ்தூள் சார், சுண்டல் கதை ஒரே தடவையில் ஏறிவிட்டது. அடுத்த நிமிஷமே அடுத்த கேள்வி. பை நிறைந்த பையனை எப்படி வெளியே அனுப்புவது? சுவர்தான் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டே இருக்கிறதே?

இரவுப்பணி:
இதற்கு நான் பதில் சொல்லலாம், மருத்துவமனைகளுக்கு மருந்து தயாரிக்கிற ஒரு சைக்ளோட்ரானில்தான் வேலை. பெட் ஸ்கேனுக்குப் போடும் ஃபுளூரின்-18 எங்களிடமிருந்துதான் போகிறது. அதன் அரை ஆயுள் 110 நிமிஷம், அதனால் விடியற்காலையிலேயே ஆரம்பித்தாக வேண்டும்.

எங்களுடையது மாதிரி மெஷின்களில் உள்ளே சுற்றுவது வெறும் புரோட்டான் இல்லை. ஒரு எலக்ட்ரானை அதிகமாக ஒட்டவைத்த ஹைட்ரஜன், அதாவது எதிர் அயனி. அது விளிம்புக்கு வரும்போது குறுக்கே ஒரு கார்பன் தாள், சில மைக்ரான் கனம்தான், தும்மினால் கிழிந்துவிடும் போல இருக்கும். அதைத் துளைத்துப் போகும்போது இரண்டு எலக்ட்ரானும் உரிந்துவிடுகிறது. எதிர் மின்னூட்டம் நேர் மின்னூட்டமாகிவிட்டது. காந்தம் அதே காந்தம், ஆனால் இதுவரை உள்பக்கமாக வளைந்தது இப்போது வெளிப்பக்கமாக வளைந்து நேரே டார்கெட்டை நோக்கிப் போய்விடும்.

உங்கள் முதல் கேள்வியையும் தினமும் பார்க்கிறோம். டீ வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் வெளியே வரும் ஆற்றல் மாறுவதில்லை, அதைத் தாள் இருக்கிற ஆரம் தீர்மானிக்கிறது. பீம் கரன்ட்தான், அதாவது வெளியே வரும் துகள்களின் எண்ணிக்கைதான், குறையும். சுற்று அதிகமாகிறதல்லவா, அந்த இரண்டாவது எலக்ட்ரான் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும், வழியில் மிச்சமிருக்கிற காற்று மூலக்கூறில் மோதிச் சில அயனிகள் அதை இழந்துவிடும்.

வடக்குவீதி:
அண்ணா, நன்றி. பக்கத்திலேயே உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். உரிந்த அந்த இரண்டு எலக்ட்ரான் எங்கே போகும் என்கிறாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

இரவுப்பணி:
ஆரம் என்பது நிறை, வேகம், மின்னூட்டம், புலம் நாலையும் பொறுத்தது, இல்லையா. உரிந்த எலக்ட்ரானும் புரோட்டான் வேகத்திலேயே போகிறது, நிறை மட்டும் 1,836 மடங்கு குறைவு. வாத்தியார் சொன்ன அரை மீட்டரை 1,836ஆல் வகுக்கச் சொல்லுங்கள். கால் மில்லிமீட்டர் சொச்சம் வரும். ஒரு சின்னச் சுருளாகச் சுருண்டு அதே தாளிலேயே வந்து விழுந்துவிடும். தாளில் ஒரு ஒயர் கட்டி வைத்திருக்கிறோம், விழுகிற எலக்ட்ரானை மீட்டரில் பார்த்துத்தான் பீம் எவ்வளவு வெளியே போகிறது என்று கண்டுபிடிக்கிறோம். ஒரு புரோட்டானுக்கு இரண்டு எலக்ட்ரான் என்பதால் மீட்டர் காட்டுவதில் பாதி.