ஜிம் மெம்பர் கணக்குக்கு எந்த சாஃப்ட்வேர்? மூன்று டெமோ பார்த்தும் முடிவுக்கு வர முடியவில்லை

திருப்பூர் டம்பெல்:

வணக்கம். திருப்பூரில் ஆறு வருடமாக ஜிம் நடத்துகிறேன். மெம்பர் 310 பேர் சொச்சம், இரண்டு மாஸ்டர், காலையில் ரிசப்ஷனுக்கு ஒரு பொண்ணு, சாயங்காலம் நானே. கணக்கு இதுவரை ஒரு பெரிய நோட்டு, ஒரு பில் புக், என் லேப்டாப்பில் ஒரு எக்செல். இந்த மூன்றும் ஒரு நாள்கூட ஒத்துப்போனதில்லை.

தீபாவளிக்கு பனியன் கம்பெனி எல்லாம் லீவு விட்டு ஊரே காலியானபோது உட்கார்ந்து நோட்டையும் எக்செல்லையும் வைத்துப் பார்த்தேன். தேதி முடிந்தும் தினமும் வந்து போகிறவர்கள் 43 பேர். மாதம் 900 என்று வைத்தாலே எவ்வளவு என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு அந்தக் கணக்கைப் போடவே மனசு வரவில்லை.

மூன்று பேரிடம் டெமோ பார்த்தேன். ஒருவர் வருடம் 12,000 என்கிறார், ஒருவர் மாதம் 2,500, இன்னொருவர் ஒரே தடவை 18,000 கட்டினால் ஆயுசுக்கும் போதும் என்கிறார். மூன்றிலும் கலர் கலராக வட்டம், கம்பி கம்பியாகக் கிராஃப். பார்க்கும்போது மூன்றுமே நன்றாகத்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்தால் எதற்கு எது என்று ஞாபகமே இல்லை. கைரேகை மிஷின் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, இப்போது அது சுவரில் சும்மா தொங்குகிறது. கார்த்திகை பிறப்பதற்குள் ஏதாவது ஒன்றைப் போட்டுவிட வேண்டும். எதை எடுக்கலாம்?

சும்மா வந்தவன்:

310 பேருக்கு சாஃப்ட்வேரே வேண்டாம் ப்ரோ. கூகுள் ஷீட் போதும். முடியும் தேதி இன்றைய தேதியைத் தாண்டினால் அந்த வரி சிவப்பாக மாறும்படி வைத்துவிட்டால் முடிந்தது வேலை. காசு மிச்சம்.

திருப்பூர் டம்பெல்:

அதுவும் செய்து பார்த்தாகிவிட்டது. வரி சிவப்பாகத்தான் மாறுகிறது. காலை ஐந்தரை மணிக்கு வரிசையாக முப்பது பேர் உள்ளே வரும்போது அந்தச் சிவப்பை யார் பார்ப்பது? கதவு பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கோவை பழைய இரும்பு:

தம்பி, நான் கோவையில் பதினோரு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், இரண்டு சாஃப்ட்வேர் மாற்றியவன். முதலில் வாங்கியது இதே மாதிரி ஆயுசுக்கும் போதும் வகைதான். ஆயுசு என்பது என் ஆயுசு இல்லை, அவர்கள் கம்பெனியின் ஆயுசு என்பது இரண்டாவது வருடம்தான் தெரிந்தது. போன் எடுக்கவில்லை, சர்வர் திறக்கவில்லை, 500 பேர் கணக்கு அதோடு போனது. பில் புக்கின் அடிக்கட்டை இருந்ததால் பிழைத்தேன்.

அதனால் கடைசியில் கேட்கிற கேள்வியை முதலில் கேளுங்கள்: நான் விட்டுப் போகும்போது என் டேட்டாவை எப்படிக் கொடுப்பீர்கள்? பதில் வாயில் வேண்டாம். டெமோ கணக்கிலேயே மெம்பர் பட்டியல், பணம் கட்டிய வரலாறு, வருகை மூன்றையும் எக்செல்லாக இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். மெம்பர் பெயரும் போன் நம்பரும் மட்டும் இறங்கும், பணம் கட்டியது இறங்காது என்றால் அது பாதி டேட்டா.

அடுத்தது டெமோ பார்க்கிற விதம். அவர்கள் காட்டுவதை நீங்கள் பார்க்கக் கூடாது, நீங்கள் கொடுப்பதை அவர்கள் செய்து காட்ட வேண்டும். உங்கள் ஜிம்மில் கணக்குக்கு அடங்காத ஐந்து பேர் கண்டிப்பாக இருப்பார்கள், அந்த ஐந்து பேரை எழுதிக்கொண்டு போங்கள். என்னிடம் இருந்த ஐந்து பேர் யார் தெரியுமா? ஒருவர் கார்த்திகையில் மாலை போட்டு ஒரு மண்டலம் வரமாட்டார், மகரஜோதி பார்த்துவிட்டுத்தான் திரும்புவார், அந்த நாட்களைக் கடைசியில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஒருவர் சனிக்கிழமை வாரச் சம்பளம் வாங்கினால் 300, அடுத்த வாரம் 300 என்று கட்டுவார். ஒருவர் தன் தம்பியோடு சேர்த்து ஒரே பில்லில் கட்டுவார், இருவருக்கும் போன் நம்பரும் ஒன்றே. ஒருவர் மூன்று மாதம் கட்டிவிட்டுப் பாதியில் வருட பேக்கேஜுக்கு மாறுவார், மீதி நாளுக்குக் கழித்துக்கொள்ளச் சொல்வார். கடைசி ஆள் பி.டி., அதாவது மாஸ்டரிடம் தனிப் பயிற்சி எடுக்கிறவர், 12 செஷன் கணக்கு, பாதியில் மாஸ்டர் மாறிவிடுவார், கமிஷனை இரண்டு மாஸ்டருக்கும் பிரிக்க வேண்டும்.

இந்த ஐந்தையும் எதிரில் உட்கார்ந்து போட்டுக் காட்டச் சொன்னேன். நாலு கம்பெனியில் மூன்றை அது அங்கேயே வடிகட்டிவிட்டது. "அடுத்த அப்டேட்டில் வரும்" என்று சொன்னால் இல்லை என்று அர்த்தம்.

திருப்பூர் டம்பெல்:

அண்ணா, மாலை போடுகிறவர்களை நினைத்துத்தான் கார்த்திகைக்குள் என்று அவசரப்பட்டேன். போன வருடம் 28 பேர். எல்லாருக்கும் நோட்டில் கையால் தேதி தள்ளிப் போட்டு, அதில் நாலு பேருக்கு இரண்டு தடவை தள்ளிவிட்டேன்.

வெளிநாட்டு சாஃப்ட்வேர் பற்றி யாராவது சொல்லுங்கள். மைண்ட்பாடி, குளோஃபாக்ஸ் என்று யூடியூபில் நிறைய வருகிறது.

கோவை பழைய இரும்பு:

ஒன்று அமெரிக்காவில் பிறந்தது, இன்னொன்று அயர்லாந்தில். யோகா, கிராஸ்ஃபிட் மாதிரி வகுப்புக்கு முன்பதிவு செய்து வருகிற இடங்களுக்கு, மாதா மாதம் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கிற ஊர்களுக்கு அருமையான சாமான். நம் ஆள் டவலைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக வருவார், கட்டுவது ரொக்கம் அல்லது ஜிபே. அந்தக் கதையே வேறு.

வரவு செலவு:

ஜிம் நடத்துபவன் இல்லை, மூன்று ஜிம்களுக்குக் கணக்குப் பார்க்கிறவன். ஜிஎஸ்டி பற்றி யாருமே பேசவில்லையே.

ஜிம் சேவைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் வரி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது, ஆனால் உள்ளீட்டு வரியை, அதாவது நீங்கள் வாங்குவதற்குக் கட்டிய வரியை, திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் டெமோ பார்த்த சாஃப்ட்வேர்களில் பழைய 18 அப்படியே உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், எனக்குத் தெரிந்து ஒரு ஜிம்மில் தீபாவளி ஆஃபர் முழுவதும் 18-லேயே பில் போட்டுவிட்டார்கள். அந்தத் தேதிக்கு முன்பே பணமும் வாங்கிப் பில்லும் போட்ட வருட மெம்பர்கள் பழைய விகிதத்திலேயே இருப்பார்கள், அவர்கள் பில்லைத் திருத்த வேண்டாம். ஆகவே விகிதத்தைத் தேதி வாரியாக மாற்றுகிற வசதி வேண்டும்.

இதில் இன்னொரு விஷயம், உங்களுக்குச் சொல்லும் 12,000, 2,500 எல்லாம் வரி சேர்த்தா சேர்க்காமலா? மேலே 18 சதவீதம் வரும், அதை நீங்கள் இனிமேல் கழித்துக்கொள்ள முடியாது, முழுக்க உங்கள் கைக்காசு. டிரெட்மில் வாங்கினாலும் அதே கதை.

வருட விற்பனை 20 லட்சத்துக்குக் கீழே இருந்தால் பதிவே தேவையில்லை. ஆனால் 310 பேர், மாதம் 900 என்றால் தாண்டிவிடுவீர்கள் என்று நினைக்கிறேன்.

திருப்பூர் டம்பெல்:

தாண்டிவிட்டது சார், பதிவு இருக்கிறது. அப்போது வருடம் 12,000 என்பது 14,160. மாதம் 2,500 என்பது வருடத்துக்கு 35,400. இப்படி யோசிக்கவே இல்லை.

வயர்மேன்:

கதவு பார்க்க வேண்டும் என்றீர்களே, அதற்கு வருகிறேன். நான் இந்த மிஷின்களை மாட்டுகிற ஆள்.

முதலில் உங்கள் மிஷினின் மாடல் நம்பரைப் பின்பக்கம் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். நெட்வொர்க் வயர் போடுகிற வசதி இல்லாத, பென்டிரைவில் மட்டும் டேட்டா எடுக்கிற மாடலாக இருந்தால் அது வருகைப் பதிவுக்குத்தான், இந்த வேலைக்கு ஆகாது. நெட்வொர்க் இருந்தால், அது நேராக ஆன்லைன் சர்வருக்கு அனுப்புமா, இல்லை உங்கள் ரிசப்ஷன் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகுமா என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் வழி என்றால் அந்தக் கம்ப்யூட்டர் காலை ஐந்து மணிக்கே ஆன் ஆகியிருக்க வேண்டும். யார் ஆன் செய்வது?

அப்புறம் நெட் போனால் கதவு யார் சொல்லித் திறக்கும்? மெம்பரின் முடியும் தேதியை மிஷினுக்குள்ளேயே எழுதி வைத்தால் நெட் இல்லாமலும் தடுக்கும். ஒவ்வொரு தடவையும் சர்வரைக் கேட்டுத்தான் திறக்கும் என்றால் நெட் போன அன்று ஒன்று எல்லாரும் உள்ளே, இல்லை எல்லாரும் வெளியே. காந்தப் பூட்டு கரண்ட் போனால் தானாகத் திறந்துகொள்ளும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும், தீ கீ என்றால் ஆள் வெளியே ஓட வேண்டுமே. அதனால் பூட்டுக்கு பேட்டரியோடு கூடிய பவர் சப்ளை போடுங்கள், வெளியே வர உள்பக்கம் ஒரு பட்டன்.

திருப்பூர் என்பதால் சொல்கிறேன், சாயப்பட்டறையிலும் கட்டிங்கிலும் வேலை செய்கிறவர்களுக்கு விரல் ரேகை தேய்ந்திருக்கும், வியர்வை வேறு. பத்தில் இரண்டு பேராவது நாலு தடவை வைத்தால்தான் எடுக்கும். வசதி இருந்தால் முகம் பார்க்கிற மிஷினுக்கு மாறுங்கள், வாசலில் ஒரு நல்ல டியூப்லைட்டும் போடுங்கள்.

பச்சைப் புள்ளி:

வாட்ஸப் பற்றி ஒரு எச்சரிக்கை. "அன்லிமிடெட் வாட்ஸப் இலவசம்" என்று விற்றால் எப்படி அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். உங்கள் போனில் கியூஆர் ஸ்கேன் செய்து இணைக்கச் சொன்னால் அது பெரும்பாலும் வாட்ஸப் அனுமதித்த வழியாக இருக்காது, ஒருநாள் நம்பரையே முடக்கிவிடலாம், அது நீங்கள் ஆறு வருடமாக போர்டில் எழுதி வைத்திருக்கிற நம்பராக இருக்கும். முறையான வழியில் மெசேஜுக்கு இவ்வளவு என்று காசு. அதிலும் "உங்கள் தேதி முடிகிறது" என்பதற்கு ஒரு விலை, "ஆஃபர் வாங்க வாங்க" என்பதற்கு அதைவிட அதிக விலை. பிசினஸ் ஆப்பிலேயே பிராட்காஸ்ட் போடலாம் என்றால் ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதுவும் உங்கள் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே போகும்.

எஸ்எம்எஸ் என்றால் டெலிகாம் கம்பெனியிடம் செய்கிற டிஎல்டி பதிவு வேண்டும், அனுப்புகிற வாசகத்தைக்கூட முன்பே பதிவு செய்ய வேண்டும். சாஃப்ட்வேர்காரர் செய்து தருவாரா என்று கேளுங்கள்.

தானாகப் பணம் எடுக்கிற யுபிஐ ஆட்டோபேயும் ஒரு வழி. 15,000 வரை ஒவ்வொரு தடவையும் பின் போடத் தேவையில்லை. ஆனால் 900 ரூபாய்க்கு நம் ஆட்கள் அதைப் போடுவார்களா என்று கேட்டால், பாதிப்பேர் மாட்டார்கள் என்றுதான் சொல்வேன்.

கோவை பழைய இரும்பு:

ஒன்று விட்டுவிட்டேன். பில்லை யார் அழிக்க முடியும்? ரிசப்ஷனில் ரொக்கம் வாங்கி, பில் போட்டு, மெம்பர் போனதும் பில்லை ரத்து செய்தால் தடயம் இருக்கிறதா? ரத்து செய்ய உங்கள் போனுக்கு ஓடிபி வர வேண்டும். அந்தப் பொண்ணு மேல் சந்தேகம் என்று இல்லை தம்பி, பூட்டு இருந்தால் அவருக்கும் கெட்ட பெயர் வராது.

திருப்பூர் டம்பெல்:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ஐந்து பேர் கணக்கைக் கொடுத்துப் பார்த்ததில் 18,000 காரர் மாலை போடுகிறவர் கணக்கிலேயே விழுந்துவிட்டார், மெம்பரைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கிற பட்டனே இல்லை. மாதம் 2,500 எல்லாம் செய்தது, ஆனால் என் ஜிம்முக்கு அது யானைக்கு வாங்குகிற சங்கிலி. வருடம் 12,000-ஐ ஒரு மாதம் டிரையலில் எடுத்திருக்கிறேன். கமிஷன் பிரிப்பது மட்டும் அதில் இல்லை, அதை நோட்டிலேயே வைத்துக்கொள்கிறேன்.

இப்போது புதுப் பிரச்சினை. எக்செல்லை ஏற்றினேன். நவம்பர் 5 முடிகிறவர் மே 11 என்று காட்டுகிறது. ஆனால் 20, 25 தேதிக்காரர்களுக்குத் தேதியே ஏறவில்லை, காலியாக இருக்கிறது. சாஃப்ட்வேர்காரர் உங்கள் ஃபைல் தப்பு என்கிறார். எனக்கு எக்செல்லில் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது.

வரவு செலவு:

அவர் சொல்வது சரி, ஆனால் உங்கள் தப்பும் இல்லை. உங்கள் லேப்டாப் அமெரிக்க முறையில், மாதம் முதலில் என்று செட்டாகி இருக்கிறது. நீங்கள் வருடத்தோடு 05/11 என்று அடித்தால் அது மே 11 என்று எடுத்துக்கொள்கிறது. அதே மாதிரி 20/11 என்று அடித்தால் இருபதாவது மாதம் ஏது என்று குழம்பி வெறும் எழுத்தாக வைத்துவிடுகிறது. அந்தத் தேதி நெடுவரிசையை அகலப்படுத்திப் பாருங்கள், தேதியாக இருப்பவை வலது ஓரமும் எழுத்தாக இருப்பவை இடது ஓரமும் ஒட்டியிருக்கும்.

இரண்டையும் தனித்தனியாகச் சரி செய்ய வேண்டும். இடது ஓரம் இருப்பவற்றை வடிகட்டித் தேர்ந்தெடுத்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட் டு காலம்ஸ் போய்க் கடைசிப் படியில் தேதி, நாள்-மாதம்-வருடம் என்று கொடுங்கள். வலது ஓரம் இருப்பவை ஏற்கெனவே தலைகீழாகிவிட்டன, அவற்றுக்குப் பக்கத்து நெடுவரிசையில் டேட் ஃபார்முலா போட்டு, மாதத்தின் இடத்தில் நாளையும் நாளின் இடத்தில் மாதத்தையும் கொடுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் வருடம்-மாதம்-நாள் என்ற வடிவத்தில் சேமித்து ஏற்றுங்கள், அதில் யாருக்கும் குழப்பம் வராது. ஏற்றுவதற்கு முன் போன் நம்பர் நெடுவரிசையையும் பாருங்கள், பத்து இலக்கமும் இருக்கிறதா என்று.

திருப்பூர் டம்பெல்:

சரியாகிவிட்டது சார், 312 பேரும் ஏறிவிட்டார்கள். இருபது பேரைப் பில் புக்கோடு வைத்துப் பார்த்தேன், ஒத்துப்போகிறது. போன் நம்பரில் ஆறு தப்பு, அது என் கையெழுத்துத் தப்பு. ஒரு மாதம் நோட்டிலும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

வயர்மேன் அண்ணா சொன்ன மாதிரி முகம் பார்க்கிற மிஷினுக்கே மாறிவிட்டேன், பழையது மாடல் ஒத்துவரவில்லை. நேற்றுக் காலை முதல் தடவையாகக் கதவைப் பூட்டி வைத்தோம். முதலில் வந்து நின்று, திறக்காமல், உள்ளே பார்த்துக் கையை ஆட்டிக்கொண்டிருந்தது என் மச்சான். ஏழு மாதம் பாக்கி.