இறக்கையோர சீட்டில் உட்கார்ந்தபோது

இறக்கைக்குச் சற்றுப் பின்னால் ஜன்னலோரம் எனக்கு முதன்முறை இடம் கிடைத்தபோது நடுங்கிப் போனேன். தரையிறங்கப் போகிற நேரம். காலடியில் எங்கோ மோட்டார் ஓடுகிற முனகல். இறக்கையின் பின்பகுதி மெதுவாகப் பின்னால் நகர்ந்து கீழே வளைந்தது. நடுவில் நீளமாக ஓர் இடைவெளி. அதன் வழியே தரை தெரிந்தது! கழன்றுவிட்டது என்றே நினைத்தேன்.

அதன் பெயர் ஃபிளாப் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். வேகம் பாதியானால் இறக்கையின் தூக்குவிசை கால்பங்காகிவிடும். அதை ஈடுகட்டத்தான் இறங்கும்போது இறக்கையை அகலமாக்கி, வளைவையும் கூட்டுகிறார்கள். அந்த இடைவெளியும் வேண்டுமென்றே விட்டதுதான். அடியில் அழுத்தமாக இருக்கும் காற்று அதன் வழியே மேலே பாய்ந்து, ஃபிளாப்பை ஒட்டி ஓடும் காற்று பிய்ந்துபோகாமல் காக்கிறது.

சக்கரம் தரையைத் தொட்டதும் இறக்கை மேல் தகடுகள் வரிசையாக எழுந்து நின்றன. இவை ஸ்பாய்லர்கள். காற்றைத் தடுக்க மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். தூக்குவிசையை அழிப்பது அதைவிட முக்கியமான வேலை. எடை சக்கரத்தில் இறங்கினால்தானே பிரேக் பிடிக்கும்?

*

மேலே இறக்கையோர சீட்டைப் பற்றி எழுதியதைப் படித்தேன். நான் செஸ்னா 172 என்ற சிறிய விமானத்தில் பயிற்சி எடுத்தவன். கிளம்பும் முன் விமானத்தைச் சுற்றி வந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்போம். எய்லரான் என்பது இறக்கையின் பின்விளிம்பில், நுனிப்பக்கம் மேலும் கீழும் அசையும் தகடு. இடது எய்லரானைக் கையால் தூக்கினால், அந்தப் பக்கம் வலது எய்லரான் இறங்கும். உள்ளே ஆளே இல்லாமல், யோக் எனப்படும் விமானியின் கைப்பிடி இடப்பக்கம் திரும்பும். எல்லாம் கேபிள் இணைப்பு. அதைப் பார்ப்பதில் எனக்கு இன்றும் அலுப்பு வந்ததில்லை.

முதல் நாள் இடப்பக்கம் திருப்பச் சொன்னார் பயிற்றுநர். யோக்கைத் திருப்பினேன். இடது இறக்கை தாழ்ந்தது, சரி. ஆனால் மூக்கு வலப்பக்கம் போனது! கீழே இறங்கிய வலது எய்லரான் தன் பக்கத்து இறக்கைக்குத் தூக்குவிசையோடு இழுவையையும் (பின்னோக்கி இழுக்கும் காற்றுத் தடை) சேர்த்துக் கொடுத்துவிடுகிறது. "காலை மறந்துட்டியேப்பா" என்றார். வாலில் உள்ள சுக்கானைத் திருப்பும் இடது ரட்டர் பெடலைக் காலால் மெல்ல அழுத்தினேன். விமானம் பக்கவாட்டில் சறுக்குகிறதா என்று காட்டும் கருவியில் ஓரமாக ஒதுங்கியிருந்த பந்து நடுவுக்கு வந்தது.

மூக்கு எதிர்ப்பக்கம் போகும் இந்தத் தொல்லையைக் குறைக்கத்தான் செஸ்னாவில் எய்லரான் மேலே 20 டிகிரியும் கீழே 15 டிகிரி மட்டுமே போகும்படி வைத்திருக்கிறார்கள். ரைட் சகோதரர்களும் 1902 கிளைடரில் இதே சிக்கலைச் சந்தித்துத்தான், அசையாமல் இருந்த பின் சுக்கானைத் திரும்பும்படி மாற்றினார்கள்.

*

இறக்கையோர சீட்டைப் பற்றி முதலில் எழுதியவன்தான் நான். உங்கள் பதிவைப் படித்தபின் ஒன்று புரிகிறது. பெரிய ஜெட் திரும்பும்போது, தாழ்கிற இறக்கையில் மட்டும் ஸ்பாய்லர் லேசாக எழுந்து படிவதைப் பார்த்திருக்கிறேன். இழுவை திரும்பும் பக்கத்திலேயே கூடுவதால் மூக்கும் அந்தப் பக்கமே போக உதவும். அடுத்த பயணத்தில் நீங்களும் கவனியுங்கள், சில நொடிகள்தான் தெரியும்.