மறு: கடலுக்குள் கேமரா கொண்டுபோகும் உறைக்குத் தமிழில் என்ன?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

> 'நீர்புகாப் பை' போதாதா? ஒரு பைக்கு இத்தனை மடலா?

போதாது என்பதுதான் என் கட்சி. இப்படிக் கேட்ட தெம்பனிஸ் நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அண்மையில் சிங்கப்பூரின் புலாவ் ஹந்து தீவில் முதன்முறையாக நீருக்கடியில் படம் எடுத்துப் பார்த்தேன். என்னிடம் இருந்தது கைப்பேசியைச் செருகிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் பை. கூட வந்த தம்பியிடம் இருந்ததோ கெட்டிப் பெட்டி. பக்கவாட்டில் கொக்கி, விளிம்பில் ரப்பர் வளையம். கடையில் இரண்டுக்கும் ஒரே பெயர், 'வாட்டர்ப்ரூஃப் கேஸ்'. ஆனால் இரண்டும் ஒரே சாமான் இல்லை.

முங்கியதுமே தண்ணீர் பையை நாலாபக்கமும் அமுக்கியது. பிளாஸ்டிக் திரையோடு அப்பிக்கொள்ள, விரல் படாமலேயே கைப்பேசி எதையெதையோ திறந்தது. ஒரு கடற்சாமந்திக்கு நேரே பிடித்தால், செல்ஃபிக்கு மாறி, முகமூடி போட்ட என் மூஞ்சியைக் காட்டுகிறது! அப்புறம் ஒலியைக் கூட்டும் பொத்தானைப் பைக்கு மேலாக அழுத்தித்தான் படம் எடுக்க முடிந்தது. லென்ஸுக்கு முன்னால் சுருக்கம் விழுந்த படமெல்லாம் கலங்கல். தம்பியின் பெட்டியில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அழுத்தத்தைச் சுவர் தாங்கிக்கொள்கிறது. கேமராவைச் சுற்றியுள்ள காற்று அப்படியே நிற்கிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கு, பைக்குள் சிக்கிய காற்று பாதியாகச் சுருங்கிவிடும். பை ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

ஆகவே மென்மையானதற்கு 'நீருறை', கெட்டியானதற்கு 'நீர்க்கூடு' என்று வைக்கலாம் என்கிறேன். கையுறை, வாளுறை, தலையணை உறை எல்லாம் உள்ளே இருப்பதன் வடிவத்தை ஒட்டிக் கிடப்பவை. கூட்டுக்குத் தனக்கென ஒரு வடிவம் உண்டு, உள்ளே இடமும் உண்டு: குளவிக்கூடு, மார்புக்கூடு. 'நீருறை' என்றால் நீரில் உறைவது என்றும் பொருள் வருமே என்று இலக்கணம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். வரட்டும், உள்ளே இருக்கும் கைப்பேசியும் கொஞ்ச நேரம் நீரில்தானே உறைகிறது.

'நீர்க்கவசம்' வேண்டாம். விளம்பர வாடை அடிக்கிறது. 'புகா' என்று ஒரேயடியாகச் சத்தியம் செய்வதும் எனக்கு இடிக்கிறது. ஒரு கருவி தூசியையும் நீரையும் எவ்வளவு தாங்கும் என்று காட்டும் ஐபி (IP) தரக்குறியீட்டில் நீருக்கான எண் 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும். 8 என்றால் அதைவிடக் கடுமையான சோதனை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பவரே சொல்ல வேண்டும். ஆழம் சொல்லாத 'புகா' பாதிச் சொல்தான். '10 மீட்டர் நீருறை', '40 மீட்டர் நீர்க்கூடு' என்று எண்ணோடு சேர்த்துச் சொல்லிப் பழகினால் வாங்குகிறவருக்கும் உதவும்.

பெட்டி விளிம்பின் ரப்பர் வளையமான ஓ-ரிங்குக்கு வந்த 'அடைப்பு வளையம்' நன்றாக இருக்கிறது, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அதில் ஒரு தலைமுடி கிடந்தாலே தண்ணீர் கசியும். அதனால் வளையத்தைத் துடைத்துப் பூட்டி, கேமராவுக்குப் பதில் டிஷ்யூ தாளை உள்ளே வைத்து முதலில் ஒரு தடவை முக்கிப் பார்ப்பார்கள். இதற்குப் புதுச் சொல் தேடி மூன்று மடல் வந்துவிட்டன. கப்பலுக்கும் தேருக்கும் சொல்கிற வெள்ளோட்டம் என்ற சொல் சும்மாதானே கிடக்கிறது?

கூட்டில் லென்ஸுக்கு முன்னால் இருக்கும் குமிழ்க் கண்ணாடியான 'டோம் போர்ட்'டைக் 'குவிமாடத் துறைமுகம்' ஆக்கிய எந்திர மொழிபெயர்ப்பைப் பார்த்துச் சிரித்தேன். சிங்கப்பூருக்கு இருக்கிற துறைமுகமே போதும். 'முகப்பு' என்போம்: தட்டை முகப்பு, குமிழ் முகப்பு. தட்டை முகப்பில் ஒளி விலகி, பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். குமிழில் அந்தச் சிக்கல் இல்லை.

கடைசியாக 'பேக்ஸ்கேட்டர்', அதாவது நீரில் மிதக்கும் துகள்களில் பட்டு வெளிச்சம் லென்ஸுக்கே திரும்பி வருவது. இயற்பியலில் 'பின்சிதறல்' ஏற்கெனவே புழங்குகிறது; நிகழ்வுக்கு அது சரி. ஆனால் படத்தில் விழும் வெள்ளைப் புள்ளிகளை என்னவென்று சொல்வது? நம் கடலில் வண்டல் அதிகம், பல நாள் 2, 3 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாது. அதில் லென்ஸுக்குப் பக்கத்திலேயே பிளாஷ் அடித்தால் படம் முழுக்கப் பொரி இறைத்தாற்போல் ஆகிவிடுகிறது. பிளாஷை அணைக்கலாம், அல்லது தனி விளக்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடித்துக்கொண்டு மீனை நெருங்கிப் போகலாம். இந்தப் புள்ளிகளுக்குப் 'பொரிப்புள்ளி' எப்படி? தின்பண்டம் மாதிரி இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். எனக்கென்னவோ பிடித்திருக்கிறது.

சனிக்கிழமைக்குள் மறுப்பு வராவிட்டால் நீருறை, நீர்க்கூடு, முகப்பு மூன்றையும் நம் சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். பொரிப்புள்ளிக்கு எதிரே கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன், யாராவது நல்லதாக ஒன்று தாருங்கள்.